அப்படி யாரும் இங்கன இல்லை

எங்கள் வீட்டு மாடியில் ஸ்பெயின் தேசத்துக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். மாடியைக் கட்டும்போது பேங்க் வேலைக்காரர்களோ வாத்தியார் குடும்பமோ வாடகைக்கு வருவார்கள் என்றுதான் நானும் என் வீட்டுக்காரரும் நினைத்திருந்தோம். வந்தவர் ஆறேகால் அடி. மாடிப்படி முடிகிற இடத்தில் வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. முதல் வாரத்திலேயே மூன்று தடவை நெற்றியில் இடித்துக்கொண்டார். பார்க்கப் பொறுக்காமல் நிலையில் ஒரு துண்டு தெர்மாகோல் ஒட்டி வைத்தேன்.

கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளின் இறக்கையில் விரிசல் விழுந்தால், கயிற்றில் தொங்கிக்கொண்டே அதை ஒட்டிச் சரிசெய்வது அவர் வேலை. ஒரு கம்பெனி அதற்கென்றே அவரைக் கோவில்பட்டிக்கு வரவழைத்திருந்தது. தெருவில் ஒரே நாளில் அவருக்குக் காத்தாடி அண்ணாச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். முப்பது வருடமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறதால் எனக்குக் காகிதம் என்றால் பயம் கிடையாது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்துக்கு இவர் வந்த மறுநாளே வேலை வந்தது. வெளிநாட்டுக்காரர் பெட்டியை இறக்கி வைத்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரர் சி படிவம் என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். கம்பெனி ஆள் வந்து இதை நிதானமாகச் சொன்னபோது பதினெட்டு மணி நேரம் போயிருந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். எங்கிருந்து வந்தார் என்று ஒரு கட்டம், இங்கிருந்து அடுத்து எங்கே போவார் என்று ஒரு கட்டம். அடுத்து எங்கே என்று அவரைக் கேட்டேன். "டீக்கடைக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு அன்றைக்குக் காலையிலிருந்து டீ கிடைக்கவில்லை.

இது நான் செய்ய வேண்டியது. அவர் தனியாகக் குடியிருப்புப் பதிவு செய்து, அதற்குக் கட்டணம் கட்டி, வருடா வருடம் அனுமதியை நீட்டிக்க வேண்டும். தேசத்துக்குத் தேசம் கட்டணம் வேறு, தாமதமானால் அபராதம் வேறு என்று அவர்தான் எனக்கு விளக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டைகளைக் கீழே கொண்டுவந்து காட்டினார். மொராக்கோ, துருக்கி, பிரேசில் என்று அவர் வேலை பார்த்த தேசங்கள் கொடுத்த அனுமதி அட்டைகள். ஓரிடத்தில் ரத்தம் எடுத்தார்களாம், ஓரிடத்தில் பத்து விரலையும் உருட்டினார்களாம், எல்லா இடத்திலும் பணம் வாங்கினார்களாம். ஒவ்வோர் அட்டையிலும் அவர் களவு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ரேஷன் கார்டு எவ்வளவோ தேவலை" என்றார்.

அவர் வந்த பிறகு வந்த முதல் பங்குனியில் எங்கள் தெருக்கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரித்தார்கள். முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எதிர்வீட்டு அண்ணாச்சிதான் பொருளாளர். எங்கள் கோயிலில் இரண்டு ரசீதுப் புத்தகம் உண்டு. தெருவில் குடியிருக்கும் குடும்பத்துக்கு வரி ரசீது, ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு என்று கணக்கு. வெளியாள் விருப்பப்பட்டுக் கொடுத்தால் அதற்கு நன்கொடை ரசீது. வரியைவிட நன்கொடை எப்போதும் கூடுதலாக வரும். வசதியான ஆளாயிற்றே, நன்கொடையாக நாலு காசு பெரிதாக வாங்கலாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"நன்கொடைன்னா வெளியாளுல்லா. இவரு நம்ம குழாயில தண்ணி புடிக்காரு, நம்ம தொட்டியில குப்பை போடுதாரு. வரிதான் போடணும்."

"தலைக்கட்டுன்னா பொஞ்சாதி வேணும்லா அண்ணாச்சி? இவரு ஒத்தையாளுல்ல?"

"அவிய ஊர்ல இருக்காவ. துபாய்ல இருக்கிறவனுக்கு நாம வரி போடலையா? அவன் பொஞ்சாதி இங்கன, அவன் அங்கன. இது திருப்பி. எழுதுடே, தலைக்கட்டு ஒண்ணு."

தேங்காய், பழத்தட்டு, ஒரு துண்டுக் கரும்பு, கதவு எண் போட்ட வரி ரசீது எல்லாம் மாடிக்குப் போயின. அவர் அந்த ரசீதை ஒரு வாசகம் விடாமல் என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். தலைக்கட்டு என்பதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் தெர்மாகோலைப் பார்த்தார். இல்லை, அந்தத் தலை இல்லை என்றேன்.

இனி எங்கள் தெருவின் குணத்தைச் சொல்ல வேண்டும். கையில் ஃபைலோடு, பைக்கில், முன்பின் தெரியாத ஒருவன் வந்து ஓர் ஆளின் பெயரைச் சொல்லி விசாரித்தால், எங்கள் தெருவில் ஒரே பதில்தான்: "அப்படி யாரும் இங்கன இல்லையே." குழுக் கடன், தவணைக் கடன் என்று வசூலுக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது, இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதியே நான்தான். எதிர்வீட்டு மதினி, அந்தக் கடைக்கார அண்ணாச்சியின் மனைவி, ஒரு தடவை தவணை தவறிப்போய் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள். வசூல்காரன் என் வாசலில் நின்று கேட்டான். நான் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், அவர்கள் வீடு காலிசெய்து விருதுநகர் போய் மூன்று மாதமாகிறது என்று சொன்னேன். அவன் போன பிறகு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் தவணையைக் கட்டிவிட்டாள். ஆனால் நான் சொன்ன பொய் தெருவில் நின்றுவிட்டது.

போன தை மாதம் அவருடைய அனுமதிக் காலம் முடிய இருந்தது. ஒரு மாதம் முன்னதாகவே கட்டணம் கட்டி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். வாடகை ஒப்பந்தம், சி படிவம், கரண்ட் பில் எல்லாம் நானே ஸ்கேன் செய்து கொடுத்தேன். இந்தத் தடவை அதில் ஒரு பெரிய காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவியும் எட்டு வயது மகளும் ஒரு வருடத்துக்கு இங்கே வந்து அவரோடு இருப்பதாக முடிவாகியிருந்தது. மனைவி அங்கே பார்த்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டார். மகள் பிறந்த எட்டு வருடத்தில் அவர்கள் மூவரும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தது கிடையாதாம். இவருக்கு அனுமதி வந்தால்தான் அவர்களுக்கு விசா. மகளுக்குக் கட்டில் வாங்க என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு மாம்பழ நிறக் கட்டிலை வாங்கி மாடியில் போட்டும்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எப்போதும்வென்றான் கிராமத்தில் எங்கள் கரிசல் காட்டுத் துண்டில் உளுந்து காய்ந்து நின்றது. ஒரு நாள் தாமதித்தால் நெற்று வெடித்துச் சிதறிவிடும். நானும் வீட்டுக்காரரும் இரண்டு நாள் அங்கே தங்கி, உளுந்தை அடித்துத் தூற்றி மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினோம். வந்து இறங்கும்போது காத்தாடி அண்ணாச்சி வாசலில் சாக்ஸோடு நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார். படியில் கழற்றிப் போட்டிருந்த இன்னொரு ஜோடி ஷூவைக் காணோம். கொடியில் காயப்போட்ட இரண்டு பேண்டையும் காணோம். நாய் கொண்டுபோயிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். பேண்டை நாய் என்ன செய்யும் என்று எனக்குச் சந்தேகம். சற்று நேரத்தில் எதிர்வீட்டு மதினி ஒரு பையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். துணியை மழைக்கு எடுத்து வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். தை மாதத்தில் என்ன மழை என்று யோசிக்க எனக்கு இடுப்பில் பெலன் இல்லை.

நாலு நாள் கழித்து லேப்டாப்பைத் திறந்து கையில் ஏந்தியபடியே அவர் கீழே இறங்கி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. மேலே ஏறி இறங்குவதே வேலையாக வைத்திருக்கிற ஆள், அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, நான் இங்கன இருக்கேனா, இல்லையா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் எங்கள் தெருவில் கிடைத்ததுதான்.

மெயிலைப் படித்தேன். நேரில் விசாரித்ததில் கொடுத்த முகவரியில் அப்படி ஒருவர் குடியிருக்கவில்லை என்று தெரியவந்திருக்கிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று இருந்தது. நிராகரித்தால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டும். அங்கே மனைவி வேலையை விட்டாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எவன் வந்தான், எந்த வீட்டில் விசாரித்தான், கண்ணை மூடிக்கொண்டு எழுதினானா என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கினேன்.

எதிர்வீட்டு மதினி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அதையேன் கேக்கீங்க மதினி! நீங்க காட்டுக்குப் போயிருந்தப்ப ஒருத்தன் பைக்ல வந்தான். சட்டையப் பாத்தா சாதாரண ஆளு, ஆனா கையில ஃபைலு. காத்தாடி அண்ணாச்சி பேரச் சொல்லி, இங்க இருக்காரான்னு கேக்கான். நான் விடுவேனா? அப்படி யாரும் இங்கன இல்லையேன்னு ஒரே போடா போட்டுட்டேன். படியில கிடந்த செருப்பு, கொடியில கிடந்த துணி எல்லாத்தையும் அவன் திரும்பிப் பாக்கதுக்குள்ள எங்க வீட்டுக்குள்ள தூக்கிப் போட்டுட்டேன். இவிய கடையிலயும் போய்க் கேட்டிருக்கான். இவியளும் இல்லைன்னுட்டாவ."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நான் அப்படியே அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் மஃப்டியில் வந்த போலீஸ்காரர், இவர் இங்கே இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வந்தவர் என்று சொன்னேன். மதினி கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. "ஐயோ, அந்தப் பிள்ளைக்குக் கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டிருக்காரே" என்றாள். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். விருதுநகர் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

அன்றிரவே விளக்கம் எழுதினோம். தெருவாசிகள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தகவல் தவறாகத் தரப்பட்டுள்ளது, மீண்டும் வந்து பார்க்க வேண்டுகிறோம் என்று எழுதி அனுப்பினோம். அடுத்த ஐந்து நாள் அவர் வேலைக்குப் போய் வந்தார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று மட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். மாடியில் அந்தக் கட்டிலின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. யாரோ ஒரு தேசத்துக்காரருக்காக அழுகிறாளே என்று யாரும் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், எனக்கு வந்தது.

ஆறாம் நாள் அதே அதிகாரி அதே பைக்கில் வந்தார். ஐம்பதைத் தொட்டவர், வெயிலில் வந்த களைப்பு. நான் லீவு போட்டுவிட்டு ஃபைலோடு தயாராக இருந்தேன். ஒப்பந்தம், பில், படிவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"பேப்பரெல்லாம் சரிம்மா. போன தடவையும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா தெருவுல கேட்டா ஆளே இல்லைங்காங்க. பேப்பர்ல வீடு, ஆளு வேற ஊர்லன்னு எத்தனை பாத்திருக்கேன். நான் எத நம்பி எழுத?"

பக்கத்தில் நின்ற காத்தாடி அண்ணாச்சிக்கு எவ்வளவு புரிந்ததோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர்வீட்டிலிருந்து மதினி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். பின்னாலேயே அண்ணாச்சி, கையில் கோயில் ரசீதுப் புத்தகம்.

"சார், அன்னைக்கு இல்லைன்னு சொன்னது நான்தான். பொய் சொன்னேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "ஏம்மா சொன்னீங்க?"

"எங்க தெருக்காரங்களத் தேடி வசூலுக்கு வார மாதிரி யாரு வந்தாலும் நாங்க அப்படித்தான் சொல்லுவோம் சார். வெளியாளுக்கு நாங்க எதுக்கு சார் பொய் சொல்லப் போறோம்?"

அண்ணாச்சி புத்தகத்தின் அடிக்கட்டையை விரித்துக் காட்டினார். போன பங்குனித் தேதி, எங்கள் கதவு எண், தலைக்கட்டு ஒன்று. அதிகாரி அதைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். தரையில் கிடந்த பெரிய ஷூவைக் காலால் லேசாகத் தள்ளி அளவு பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "என்னைப் பாத்தா வசூலுக்கு வந்தவன் மாதிரியாம்மா இருக்கு?" என்றார். மதினி ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் அங்கேயே நின்று எழுதி, மதினியிடமும் அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. அன்றைக்குக் காத்தாடி அண்ணாச்சி எங்கள் தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார். கோவில்பட்டிக்காரனுக்கே கடலைமிட்டாயா என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் இரண்டாக வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோயில் ரசீதை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு, மொராக்கோ, துருக்கி அட்டைகளோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்தார். அவற்றில் அது ஒன்றுதான் அவருடைய போட்டோ இல்லாதது.

மாசிக் கடைசியில் மனைவியும் மகளும் வந்துசேர்ந்தார்கள். மதினி ஆரத்தி எடுத்தாள். பங்குனிக் கொடைக்கு இந்தத் தடவை யாரும் பொஞ்சாதி எங்கே என்று கேட்கவில்லை. மகள் தெருவில் ஓடியாடி, பெரியவர்களை "ஏலே" என்று கூப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மாடியிலிருந்து இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் பேசுகிற சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை புரியாது. என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பார்.

ஒரு நாள் அந்த ஸ்பெயின் அம்மா எங்களை அடுத்த வருடம் தங்கள் ஊருக்கு வரச்சொன்னார். அங்கே போய் நாங்கள் வெளிநாட்டுக்காரர்களாக நின்று, படிவம் நிரப்பி, போட்டோவில் முழித்து, கட்டணம் கட்ட வேண்டும். அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று எனக்கு ஒரு வீம்பு. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். வீட்டுக்காரர் ஏரோப்ளேனில் ஜன்னல் சீட்டு வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைத்தார்.

போன வாரம் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். குரல் இளசு, எரிச்சலில் இருந்தது.

"ஏம்மா, நீங்க கொடுத்த அட்ரஸ் சரிதானா? வாசல்ல ஒரு வெள்ளைக்காரர் நிக்காரு. உங்க பேரச் சொன்னா, அப்படி யாரும் இங்கன இல்லையேங்காரு. தமிழ்லயே சொல்லுதாரு. நீங்க விருதுநகர் போய் மூணு மாசமாச்சாம்."

விருதுநகரை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. அஞ்சு நிமிஷம் இருங்க சார் என்று சொல்லி, ஆட்டோ பிடித்து வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

தெருமுனையில் இறங்கி நடந்தேன். ஃபைலோடு அந்தப் பையன் வெளியே நின்றான். கேட்டை முழுக்க அடைத்துக்கொண்டு காத்தாடி அண்ணாச்சி நின்றார். படியில் என் செருப்பு இல்லை, கொடியில் என் சேலை இல்லை. அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், கண்ணை மட்டும் மெல்ல அந்தப் பக்கம் அசைத்தார்: நிற்காதே, போய்விடு என்று.

அவர் சொன்னதுக்குக் கட்டுப்பட்டு என் கால்கள் வாசலைத் தாண்டி இரண்டு எட்டு போயே போய்விட்டன. பிறகுதான் திரும்பி வந்து, "சார், அது நான்தான்" என்றேன்.